எடையே இல்லாத உடம்பு

அன்புள்ள அப்பாவுக்கு, சொர்ணத்தின் வணக்கம். நான் சுகம். உங்கள் சர்க்கரையும் அம்மாவின் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன?

மல்லேஸ்வரத்தில் நான் பார்த்துக்கொள்ளும் லட்சுமம்மா, சர்க்கரைக்குப் பயந்து சாப்பாட்டையே குறைத்துவிட்டவர். சர்க்கரை இறங்கியது. ஆனால் நேற்று நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை. "என் கால் எங்கம்மா போச்சு?" என்று சிரித்தார். தூக்கினேன், குழந்தையின் கனம்கூட இல்லை. தசை கரைந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். இனி முட்டை, பருப்பு, உட்கார்ந்து எழும் பயிற்சி. பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்த உடம்பின் லேசு இன்னும் என் கையிலேயே இருக்கிறது, அப்பா. பொங்கலன்று நீங்களும் என் தோளைப் பிடித்துத்தான் எழுந்தீர்கள். பாசம் என்று நினைத்தேன். டாக்டரைப் பாருங்கள். ஞாயிறு வீடியோ காலில் கையூன்றாமல் எழுந்து காட்டுங்கள். இங்கே குளிர், நான் போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள்.

லட்சுமம்மா கூப்பிடுகிறார். வருகிறேன்.

சொர்ணம்