‘காப்’ என்று என்னை அடக்கிய டோனல் சாருக்கு

அன்புக்கும் என் கோபத்துக்கும் ஒரே அளவில் உரிய டோனல் சார்,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், போன இடத்திலிருந்தும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

முதலில் நல்ல சேதி. கஜன் போகவில்லை. அவன் விசா தப்பித்தது. எட்டு மாத வயிற்றோடு அவன் மனைவி தர்ஷினி துபாய் சத்வாவில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றுத்தான் பசி என்றால் என்னவென்று தெரிந்தது.

கஜனை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் மேனேஜர் வேலையை விட்டுவிட்டு அயர்லாந்துக்குத் திரும்பிய பிறகு சேர்ந்த சைட் என்ஜினியர். யாழ்ப்பாணத்துப் பையன். கெட்டிக்காரன், முன்கோபி. என்னை ‘அண்ணை’ என்பான். அட்மின் மேனேஜர் ஆன பிறகு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

நீங்கள் இறந்த செய்தி பழைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில் வந்தது. எல்லோரும் கைகூப்பிய படம் போட்டார்கள். நான் எதுவும் போடவில்லை. பெரிய மனசு என்பது எனக்குக் கிடையாது சார், அது உங்களுக்கே தெரியும். அந்த ஒரு கூட்டத்தை நான் மறக்கவில்லை.

ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவது முறையாக என் லீவைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். கூட்டத்தில் முதலாளி அர்பாப் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் விசா வேலைகள் பார்க்கும் மந்தூப். நான் எழுந்து, “அப்படியென்றால் என் விசாவை…” என்று ஆரம்பித்தேன். நீங்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. “ஷட் யுவர் காப், மர்கி” என்றீர்கள். முருகேசன் என்ற பெயரை ஒருநாளும் முழுதாகச் சொல்லாத குற்றம் தனி.

அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. எம்.ஏ. ஆங்கிலம் படித்தவன் நான். ஆங்கிலம் சரியாக வராத கிளீனருக்குக்கூட உங்கள் தொனியிலேயே அர்த்தம் புரிந்து சிரிப்பு வந்தது. எனக்கு மட்டும் அகராதி தேவைப்பட்டது. அதற்குப் பிறகு அக்கவுண்ட்ஸ் மலையாளி தினமும் காலையில் என் மேஜைப் பக்கம் வந்து, “சாரே, இன்னு காப் தொறந்நோ?” என்பான், இன்று காப்பைத் திறந்தாயிற்றா என்று. அவனையும் நான் மன்னிக்கவில்லை.

அகராதியில் பார்த்தேன். ‘ஜாப்’ மாதிரி ‘காப்’. வாய் என்பதற்கு ஆங்கிலக் கொச்சை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேசும் கேலிக் மொழிகளிலிருந்து வந்திருக்கலாம், அங்கே அது பறவையின் அலகு என்று போட்டிருந்தது. அதே சொல்லுக்குத் துப்புவது என்றும் பொருள். பிரெஞ்சு வழியாக வந்த இன்னொரு ‘காப்’ உண்டு, அது ஒரு கட்டி, ஒரு உருண்டை. அமெரிக்காவில் கடற்படைக்காரனை அப்படி அழைத்திருக்கிறார்கள், ஏனென்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. திகைத்துப்போனால் காப்பில் அறை வாங்கினான் என்பார்களாம். வாயை அடைக்கிற பெரிய மிட்டாய்க்கும் அந்தச் சொல்லில் ஒரு பெயர். ஒரு அவமானத்துக்கு இத்தனை சொந்தபந்தமா என்று நினைத்தேன்.

மறுநாள் சைட் கேபினில் உங்களிடமே கேட்டேன், குத்தலாகத்தான். “அது எந்த நாட்டு மரியாதை சார்?”

நீங்கள் சிரித்தீர்கள். “என் அம்மா பேசுகிற பாஷையில் அது குருவியோட மூக்கு. மனுஷ வாய்க்கு எங்களிடம் மரியாதையான சொல் வேறே இருக்கு” என்று அதையும் சொன்னீர்கள். அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் எந்தப் பத்திரிகையும் அச்சில் ஏற்றாது. பிறகு சொன்னீர்கள்: “நேற்று நீ கோழிக்குஞ்சு மாதிரி அலகைத் திறந்தாய். எதிரில் ராஜாளி உட்கார்ந்திருந்தது.”

விளக்கம் சரிதான். இந்த ஊரில் கோபத்தில் ‘விசாவை கேன்சல் பண்ணுங்க’ என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்வது நம் ஆட்கள் மட்டுமே செய்கிற முட்டாள்தனம். ஊரில் ‘கணக்கை முடிங்க’ என்று கத்திவிட்டு, டீ குடித்துவிட்டு, மத்தியானம் அதே வேலைக்கு வந்துவிடலாம். இங்கே மந்தூப் காதில் அது விழுந்தால் முடிந்தது, கலாஸ். ஆனாலும் காதோடு சொல்லியிருக்கலாமே சார்? எல்லோரும் பார்க்கச் சொன்னீர்களே?

இந்தச் சொல்லை ஒருநாள் கஜனிடம் சொன்னேன். சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச் சிரித்தான். “எங்கட ஊரில சொண்டு எண்டு சொல்லுவம் அண்ணை. காகத்துக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான். சொண்டு காஞ்சுபோச்சு, தண்ணி தாங்கோ எண்டு கேப்பம். உங்கட வெள்ளைக்காரன்ர அம்மாவும் எங்கட அம்மாவும் ஒரே மாதிரித்தான் யோசிச்சிருக்கினம்.” இரண்டு மொழிக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனாலும் இரண்டு இடத்திலும் மனிதன் குருவியைப் பார்த்துத் தன் வாய்க்குப் பெயர் வைத்திருக்கிறான். உங்களிடம் சொல்லியிருந்தால் மேஜையைத் தட்டியிருப்பீர்கள். சொல்ல எனக்குத்தான் மனம் வரவில்லை.

இப்போது போன வாரம். கஜனை ஃபுஜைரா சைட்டுக்கு மாற்றினார்கள். மனைவிக்கு மாதம் நெருங்குகிறது, துபாயிலேயே விடுங்கள் என்று கேட்டான். அர்பாப் தலையாட்டி மறுத்தார். பையன் முகம் சிவந்தது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“கஜா, வாயைப் பொத்துடா!” என்றேன். எல்லோருக்கும் முன்னால்தான். வேறு எப்படிச் சொல்வது?

நான் அன்று அடங்கினேன். அவன் அடங்கவில்லை. “அப்ப என்ர விசாவைக் கேன்சல் பண்ணச் சொல்லுங்கோ!” என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டு, அர்பாபைப் பார்த்து ஆங்கிலத்திலும் தெளிவாகச் சொன்னான். அர்பாப் மந்தூப் பக்கம் திரும்பி, “கலாஸ். கேன்சல்” என்றார்.

தர்ஷினி இருப்பது அவன் விசாவில். அது போனால் அவளுடையதும் போகும், இன்சூரன்ஸும் போகும். அந்த வயிற்றோடு எந்த விமானத்தில் ஏற்றுவார்கள்?

நேற்று மாலைதான் துணிந்து, அர்பாப் விருந்தாளிகளைப் பார்க்கும் மஜ்லிஸுக்குப் போனேன். வழி முழுக்க வாக்கியங்களைத் தயார் செய்தேன். நல்ல ஆங்கிலம், எம்.ஏ. ஆங்கிலம். உள்ளே நிறையப் பேர் இருந்தார்கள். சிறிய கோப்பையில் கஹ்வா, அந்த ஏலக்காய்க் காபி, ஊற்றினார்கள். அப்போதுதான் உங்களோடு ஒருமுறை அங்கே வந்தது நினைவுக்கு வந்தது. ஒரு பாகிஸ்தான் பட்டாணிய கிரேன் டிரைவருக்காகப் பேச வந்தீர்கள். பேசவே இல்லை. கோப்பையை எதிரில் வைத்துவிட்டு, தொடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு ஏலக்காய் பிடிக்காது என்று நினைத்தேன். காரில் வரும்போதுதான் சொன்னீர்கள்: கோரிக்கையோடு வந்த விருந்தாளி காபியைக் குடிக்காமல் வைப்பான், வீட்டுக்காரர் அதைப் பார்த்துக் கேட்டே ஆகவேண்டும், அது இவர்களுடைய பழைய வழக்கம் என்று.

நானும் கோப்பையைக் கீழே வைத்தேன். தயார் செய்த வாக்கியங்களை விழுங்கினேன்.

அர்பாப் அவரிடமும் இவரிடமும் பேசினார். என்னைப் பார்க்கவில்லை. கஹ்வா ஆறியது. போகவேண்டியதுதான் என்று நினைத்தபோது குனிந்து கோப்பையைப் பார்த்தார்.

“க்யா பாய், கஹ்வா மாஃபி ஸேன்?” காபி நன்றாக இல்லையா என்கிறார்.

“ஸேன், அர்பாப்” என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. நான், பேசாமல்! நம்புவீர்களா?

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “அந்த ஸ்ரீலங்கா பையனா?” என்று இந்தியில் கேட்டார். தலையை ஆட்டினேன். “பியோ, பியோ. அவன் இருக்கட்டும். குழந்தை பிறந்த பிறகு ஃபுஜைரா, இன்ஷா அல்லா.” ஆறிப்போன கஹ்வாவை ஒரே மடக்கில் குடித்தேன். அவ்வளவு கசப்பான ஒன்று அவ்வளவு நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

நேரே சத்வாவுக்குப் போனேன். தர்ஷினி கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “இவருக்குச் சொண்டு நீளம் அண்ணை. கலியாணம் பேசேக்கையே தெரிஞ்சிருக்க வேணும்” என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கஜன் நன்றி சொன்னான். சொல்லிவிட்டு, “ஆனா எல்லாருக்கும் முன்னால பொத்தடா எண்டு சொன்னதை மறக்கமாட்டன் அண்ணை” என்றான்.

“மறக்காதே” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வைத்திருக்கட்டும். வருத்தப்படவும் கோபப்படவும் அவன் இங்கே இருக்கிறான் அல்லவா?

நீங்களும் என் கோபத்தை இப்படித்தான் பார்த்தீர்களா சார்? தெரிந்தேதான் அதை என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்களா? கேட்க இப்போது ஆள் இல்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி உங்களைப் பற்றி யாராவது கேட்டால், முதலில் அந்தக் கூட்டத்தைச் சொல்லமாட்டேன். தொடாமல் வைத்த கஹ்வாவைத்தான் முதலில் சொல்வேன். கூட்டத்தை அதற்குப் பிறகு சொல்வேன். சொல்லாமல் விடுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உங்களைக் கடைசிவரை ‘சார்’ என்றே அழைத்த, உங்களிடம் கேட்காமலே இன்று உங்கள் தம்பியாகிக்கொண்ட,
முருகேசன்