எட்டாவது வளைவில் வந்த நெஞ்சுவலி

என் உயிரான அக்கா,

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்கும் நெஞ்சுவலி வந்தது.

ஏற்காட்டிலிருந்து என் டாக்ஸியில் உன்னைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, மலைப்பாதையில் மேலிருந்து எட்டாவது கொண்டை ஊசி வளைவில்தானே உன் மூச்சு நின்றது? பின்சீட்டில் உன் மகள் திவ்யா உன்னைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அதற்கப்புறம் அந்த இடம் நெருங்கினாலே என் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவது போலிருக்கும், விரல்கள் மரத்துப்போகும். உனக்கு வந்ததுதான் எனக்கும் என்று நினைத்துக்கொண்டேன். குப்பனூர் வழியாகச் சுற்றிப் போனேன். கொஞ்ச நாளில் அங்கேயும் பிடித்தது.

கடைசியில் என் பெண்டாட்டிதான் கண்டுபிடித்தாள். "ஏனுங்க, சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்குது. என்னன்னு சொல்லுங்க!" என்று அன்றைக்கே பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டரம்மா, "இருதயம் நல்லா இருக்குதுங்க" என்றார்.

"அப்ப வலி பொய்யிங்களா?"

"வலி நெசந்தானுங்க. பயத்துல மூச்சு வேகமா வாங்குது, நெஞ்சுத் தசை இறுகிக்குது. ஊட்டுல யாருக்காச்சும் இப்படி ஆச்சுங்களா?"

உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ போனபின் அன்றுதான் அழுதேன், அக்கா.

மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லிக்கொடுத்தார். அந்த ரோட்டுக்குப் பயந்து ஒளியக் கூடாதாம். "வலி வேற மாதிரி இருந்தா பயம்னு நெனச்சு இருந்துராதீங்க, உடனே வாங்க" என்றும் சொன்னார். முதல் வாரம் ஏழாவது வளைவு வரைதான் போக முடிந்தது. ஒரு நாள் எட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். வலி ஏறியது. ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். தானே இறங்கியது. இப்போதும் சில நாள் வருகிறது, போகிறது.

இன்னும் வேகமாக ஓட்டியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா?

திவ்யாவுக்குச் சேலத்தில் காலேஜ் கிடைத்திருக்கிறது. "நேர் ரோட்டுலயே போலாம் கண்ணு" என்றேன் நேற்று. அவள் தலை நிமிரவில்லை.

"மாமா, அந்த எடத்த நெனச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குதுங்க. உங்ககிட்டச் சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே வலியை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம்.

நாளைக்கு அவளை அந்த டாக்டரம்மாவிடம் காட்டுகிறேன். அதன்பின் அவளால் எத்தனை வளைவு முடியுமோ, அத்தனை வளைவு போவோம். முடியாத இடத்தில் வண்டியை நிறுத்திப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உன் பிள்ளையை இனித் தனியாகப் பயப்பட விடமாட்டேன், அக்கா.

இப்படிக்கு,
உன் தம்பி, திவ்யாவின் மாமன்