பல்லி குடித்த சிக்னல்

முடிச்சூர்,
வியாழக்கிழமை.

புனே மாநகருக்கே பெருமை சேர்த்துக்கொண்டிருக்கும் என் அக்கா மகள் அனுப்பிரியாவுக்கு, மாமா லோகநாதன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம்.

இந்தக் கதையை நம்ப உலகத்தில் ஒரு ஆள் இன்னும் பிறக்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் பார்சலோடு கடிதமாக வைக்கிறேன்.

போன வருஷம் மழைக்கு முன்னால், கால்வாய்ப் பாலத்தடியில் மாட்ட ஒரு கருவி செய்தாய். தண்ணீர் எவ்வளவு கிட்டே ஏறி வந்திருக்கிறது என்று சென்சார் மேலிருந்து அளக்கும். சர்க்யூட் போர்டு அதைப் படித்துத் தெருவில் எல்லார் போனுக்கும் சொல்லும். 2015 வெள்ளத்தில் இரண்டு நாள் மொட்டை மாடியில் நனைந்த பாவாடையோடு உட்கார்ந்திருந்தவள் நீ. எதற்காகச் செய்தாய் என்று எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை நலச்சங்கக் கூட்டத்தில் காட்ட வேண்டும். புதன்கிழமை ஆயுத பூஜை வரை வீட்டு மேஜையில் ஒழுங்காக ஓடியது. வியாழன் காலை அதன் குட்டித் திரையில் ஒரே வரி: சென்சார் கிடைக்கவில்லை.

ஒயரை மாற்றினாய். புது சென்சார் வாங்கி மாட்டினாய். நிரலை அழித்து முதலிலிருந்து எழுதினாய். நானோ பக்கத்தில் உட்கார்ந்து, முதலை சைஸ் பல்லி ஒன்று போர்டின் மேல் ஏறி சிக்னலையெல்லாம் உறிஞ்சிக் குடித்துவிட்டது, அதன் வால் இப்போது நீலமாக மினுக்குகிறது என்று அளந்துகொண்டிருந்தேன். சிரித்தாய். பிறகு கேட்டாய்: "மாமா, சீரியஸா கேக்கறேன். போர்டை யாராவது தொட்டீங்களா?"

இல்லை என்றேன்.

கூட்டத்துக்கு ஏழாயிரம் பேர் என்று ஊரெல்லாம் சொன்னேன். வந்தது பத்தொன்பது. கருவி அன்றும் ஓடவில்லை. "தப்பு என் மேல்தான், எனக்கு இன்னும் சரியாக வரவில்லை" என்று தலைவர் சுப்ரமணியன் சாரிடம் எல்லார் முன்னாலும் சொன்னாய். நான் பின்வரிசையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். அடுத்த மாசமே புனே. ஏதோ பட்டியல் நிரப்பும் வேலை. ஈயம் பற்றவைக்கும் உன் சால்டரிங் அயர்னை யாருக்காவது கொடுத்துவிடும்படி அம்மாவிடம் சொன்னாயாம்.

முந்தாநாள் அலமாரி துடைக்கும்போது அந்தப் போர்டு சென்சாரோடு கைக்கு வந்தது. டிவி ரிப்பேர் உதயாவிடம் கொண்டுபோனேன். ஒயர் செருகும் கறுப்பு சாக்கெட்டை ஊசியால் குத்தி, ஸ்பிரிட் விட்டுத் தேய்த்தான். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. "இன்னா அண்ணாத்த, இதுக்கு யாரு அபிஷேகம் பண்ணது?" என்றான். சென்சார் ஒயரைச் செருகினான். திரையில் 43 வந்தது, எதிர்ச் சுவர் வரை சென்டிமீட்டர் கணக்கு. கையைக் கிட்டே கொண்டுபோனேன், 12. எடுத்தேன், மறுபடி 43. உன் நிரலில் ஓர் எழுத்தைக்கூட யாரும் தொடவில்லை.

உடனே சுப்ரமணியன் சாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் வாயைப் பற்றித் தெரிந்தவர், நம்பவில்லை. நீ வந்து காட்டினால்தான் உண்டு. போர்டு பார்சலில் இருக்கிறது. அயர்ன் என்னிடம்தான் இருக்கிறது, யாருக்கும் கொடுக்கவிடவில்லை. மழைக்கு முன்னால் வா, கண்ணு.

பல்லி பொய். நீல வாலும் பொய். அந்தப் புதன்கிழமை, ஸ்கூட்டருக்கும் மிக்சிக்கும் வைத்த கையோடு, உன் கருவி மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதற்கும் மூன்று விரலால் சந்தனம் பூசினேன். மேலே வழிந்ததைத் துடைத்தேன். சாக்கெட்டுக்குள் இறங்கியதைப் பார்க்கவில்லை. நீ கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனாலும் இல்லை என்றேன். இவ்வளவு நீளக் கடிதத்தில் சந்தேகமே இல்லாத நிஜம் இது ஒன்றுதான்: உன் கையில் தப்பில்லை. அந்தக் கை நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பொய்க்கார மாமா
லோகநாதன்