தசமம் தொலைத்த அலை

அன்புள்ள சுகந்தி அக்கா,

லிங்கநகர் வீட்டில் உங்கள் கணினி இன்னும் ஓடுகிறது. கிண்ணியாப் படகுக்காரருக்குக் காலைதோறும் அலையின் உயரம் சொல்லும் உங்கள் நிரலை, போர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் எழுதியதை, இப்போது நான்தான் பார்க்கிறேன். போன வாரம் அதன்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கையை இழக்கப் பார்த்தோம்.

வாடைக் காற்று வீசும்போது மலைமுனையின் மறைவில் அலை குறையும் அல்லவா, அதையும் சேர்க்கச் சொல்லிப் படகுச் சங்கத் தலைவர் நசீர் கேட்டார். நான் ஒரு துணைநிரல் எழுதி உங்களுடையதோடு இணைத்தேன். வாடை தொடங்கிய அன்றே அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"சேர், உங்கட கணக்கில அலை பூச்சியமாம். கடல் கோப்பைத் தண்ணி மாதிரி இரிக்காம். ஒருக்கா கரைக்கு வந்து பாருங்க, தோணி ஆடுற ஆட்டத்த." சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "பொடியன்மார் இத நம்பித்தான் போறவங்க. சரிவராட்டி நிப்பாட்டிருவம்."

நிரலில் கைக்கு வந்ததையெல்லாம் மாற்றத் தொடங்கினேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "தம்பி, ஊகிச்சுத் திருத்தாத. அது என்ன நினைக்குது எண்டு அதிட்டயே கேள்."

கேட்டேன். எண்களை வரிசையாக வைத்திருக்கும் அணியின் எல்லையை நிரல் தாண்டினால் காட்டிக்கொடுக்கும் சோதனையை முதலில் இயக்கினேன். குற்றம் எதுவும் அகப்படவில்லை. பிறகு ஒரேயொரு மணி நேரத்தின் காற்றை மட்டும் எடுத்து, விடையைக் கையால் கணித்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வரிக்கும் கீழே பெறுமதியை அச்சிடச் செய்தேன். நீண்ட பெருக்கலில் பிள்ளை எந்த வரியில் வழுக்கியது என்று விரல் வைத்துத் தேடுவோமே, அப்படி.

"குறைப்பு" என்ற மாறியில், அதாவது அலை உயரத்தைப் பெருக்கும் எண்ணில், 0.6 இருக்க வேண்டும். திரையில் வெறும் 0. அந்தப் பூச்சியத்துக்குப் பின்னால் தசமப் புள்ளிகூட இல்லை.

அப்போதுதான் விளங்கியது. வகை சொல்லாத மாறியின் பெயர் ஆங்கில ஐ (I) முதல் என் (N) வரையான எழுத்தில் தொடங்கினால், போர்ட்ரான் அதை முழு எண்ணாக எடுத்து, தசமத்தை வெட்டிவிடும். உங்களைப் போலவே நானும் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் பெயராக வைத்தேன். குறைப்பு 'கே'யில் தொடங்குகிறது. காற்றும் நீளமும் அதே எல்லைக்குள்தான். நீங்களோ ஒவ்வொரு பகுதியின் தலையிலும், அறிவிக்காத பெயரை ஏற்காதே என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் தொடங்குவீர்கள். எத்தனை வருடம் அதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன்!

அந்த வரியைச் சேர்த்ததும் நிரல் ஓட மறுத்து, பிழையைப் பெயர் சொல்லிக் காட்டியது. திருத்தினேன். விடை என் கைக்கணக்கோடு ஒத்துப்போனது.

மறுநாளும் வாடைதான். நசீருக்குச் சொன்னேன்: "ஒன்றரை மீற்றர்."

"ஓம், கடலும் அதத்தான் சொல்லுது. பொடியன்மார மறிச்சிட்டன்." பிறகு கேட்டார்: "நாளைக்கு அலை கேக்க எத்தின மணிக்கு போன் எடுக்க, சேர்?"

அக்கா, இனி நான் எழுதும் எந்தத் துணுக்கும் கையால் கணித்துப் பார்க்காமல் கரைக்குப் போகாது.

உங்கள் நிரலைக் காவல் காக்கும்,
தம்பி