கொடியாகிய கல்யாண வேட்டி

மரியாதைக்குரிய கணவர் அவர்களின் சமூகத்திற்கு அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்கள் மெசபடோமியாப் போர்முனையில் இருந்தபோது, தபால்காரரைக் கொண்டு எழுதுவித்தேனேயன்றி என் கையால் ஒரு வரியும் எழுதியதில்லை. தாங்கள் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின் எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள்க.

இன்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கற்பூர வாசனையோடு அந்த வேட்டி கைக்கு வந்தது. கம்பில் கட்டிய முனை இன்னும் சுருங்கியே இருக்கிறது.

அன்று அப்போர்முனையில் நம் பக்கத்துத் தளபதிகள் சண்டையை நிறுத்தச் சம்மதித்து, அச்செய்தியை எதிர்த்தளபதிக்குத் தெரிவிக்க ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். எங்கும் காக்கித் துணி. அவசரத்தில் அகப்பட்ட வெள்ளைத் துணி, தங்கள் மூட்டையிலிருந்த கல்யாண வேட்டி. அதைக் கம்பில் கட்டிக்கொண்டு, ஆயுதமின்றி, அதிகாரிக்கு முன்னால் தாங்கள் நடந்தீர்கள்.

"ஓடுனா சுட்டுடுவான். பயம் கீதோ இல்லியோ, மெதுவாத்தான் நடக்கணும்" என்று பிற்பாடு சொன்னீர்கள்.

ஊருக்கு அது விளங்கவில்லை. பூந்தமல்லிச் சந்தையில் பலர் முன்னிலையில் என் அண்ணன் கேட்டார்: "இன்னா மச்சான், வெள்ளத் துணிய காட்டி உசுர காப்பாத்திகினு வந்துட்டியாமே?"

"ஆமா மச்சான். என் உசுரு மட்டுமில்ல, அந்தாண்ட இருந்தவன் உசுரையும் சேத்துதான்."

தாங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். என்னால் சிரிக்க இயலவில்லை; மறுத்துரைக்கவும் சொல் இல்லை. அச்சொல்லைத் தேடியே மளிகைப் பொட்டலத் தாள்களைப் பிரித்துப் பிரித்து எழுத்துக் கற்றேன். தலைவர்கள் கையெழுத்திட்டாலும் அது பீரங்கிகளுக்குத் தெரியாது, ஒருவன் நடந்துபோய்ச் சொல்லும்வரை போர் ஓய்வதில்லை என்பதைப் பத்திரிகையில் படித்தறிந்து, அண்ணனுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். "சரி வக்கீலம்மா, ஆள உடு" என்று எழுந்து போய்விட்டார்.

இப்போது நம் மகன் படையோடு பர்மாக் காட்டில் இருக்கிறான். ஜப்பான் பணிந்ததென்று ஆவடி முகாமில் ஒரே கொட்டுமுழக்கம். அண்ணன் மூச்சிரைக்க வந்தார். "சண்ட முடிஞ்சிடுச்சி! இன்னும் இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற?"

"காட்டுக்குள்ள கீறவனுக்கு அந்தச் சேதி போய்ச் சேர வேணாமா, அண்ணே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அன்னிக்கு மச்சான் நடந்தாரே, அந்த மாதிரி எவனாச்சும் நடக்கணுமில்ல" என்றார்.

இத்தனை காலம் நான் காத்திருந்த சொல் அதுவே. தாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மகனிடமிருந்து கடிதம் இல்லை. நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லித் தபாலாபீசுக்கு நாள்தோறும் போய்வருகிறேன். பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய மற்றப் பெண்கள் ஓடுகிறார்கள். நான் ஓடுவதில்லை. முதுகை நிமிர்த்தி, மெதுவாகவே நடக்கிறேன். தங்களிடம் கற்ற நடை அது.

அவனேனும் தாங்களேனும் உடனே பதில் எழுதவும்.