பெயர் எழுதாத பீப்பாய்

அன்பு மகள் செலியாவுக்கு,

அம்மா எர்மினியா எழுதுவது. இங்கே நானும் பசுக்களும் நலம், உன் அப்பா வலது தோளைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நலம், வாய் மட்டும் முன்னைவிட நலம். நீயும் உன் யென்ஸும் அந்த ஹாம்பர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அவரைப் பற்றி அவர் காதிலேயே எப்படிப் பேசுவது. இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், வெட்ட இருப்பது கொஞ்சம்தான், ஆனாலும் பேச நிறைய இருக்கும், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

விஷயம் நம்முடைய கள்ளுக்கடையைப் பற்றியது. அர்ஹிமிரோ தன் ஆப்பிள் கள் ஆலையை மூடிவிட்டார். முழங்கால் முடியவில்லை, ஒவியேதோவில் மகள் வீட்டோடு போய்விட்டார், தோப்பை எவனோ கிவிப் பழம் போட எடுத்துக்கொண்டான். நம் கடை திறந்த நாள் முதல் அவர் கள்ளைத் தவிர வேறு கள் உள்ளே வந்ததில்லை என்று உனக்குத் தெரியும். உன் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், “அர்ஹிமிரோ இல்லேன்னா கடை இல்ல. சாவியக் குடுத்துட்டு கிஹோன்ல அக்கா வீட்டுக்குப் போயிடலாம்” என்கிறார். கிஹோன் அக்காவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கே அவர் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு போகிறவர். உண்மையில் அவரைத் தின்பது அந்தத் தோள்தான், நம் கள்ளைப் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கித்தானே கிளாஸில் ஊற்ற வேண்டும், அந்தக் கை எழும்பவில்லை, அதைச் சொல்ல வெட்கம், பழியை அர்ஹிமிரோவின் முழங்கால் மேல் போடுகிறார். நானும் சரி என்றேன், ஆனால் ஈஸ்டருக்குப் பிறகு வரும் தேய்பிறைவரை எனக்கு விடு என்றேன். அந்தத் தேய்பிறையில் எல்லா ஆலையிலும் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள், அதற்குமுன் ஒரு பீப்பாய் நம் பெயருக்குப் பேசி முடிக்காவிட்டால் கோடை முழுக்க நாம் வெறும் தண்ணீர்தான் விற்க வேண்டும். “யாரு வண்டி ஓட்டுறது?” என்றார். நான்தான் என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார்.

கடை மூடும் திங்கட்கிழமைகளில் கிளம்பினோம். முதலில் போனது கண்ணாடிக் கதவு வைத்த பெரிய ஆலை, கழுத்துப்பட்டை கட்டிய பையன் ஒருவன் எங்களுக்குப் படம் காட்டினான், பிறகுதான் பீப்பாய் முளையைப் பிடுங்கினான். பீய்ச்சி வந்த கள்ளை உன் அப்பா கிளாஸில் பிடித்துக் குடித்துவிட்டு, “தம்பி, இதக் குடிச்சுட்டு எங்க ஊரு ஆளுங்க சண்டை போட மாட்டாங்க, பாட மாட்டாங்க, தூங்கத்தான் போவாங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஆலையில் கள் நன்றாகத்தான் இருந்தது, ஒவ்வொரு பீப்பாயாகச் சுவைத்துக்கொண்டே போனோம், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கடையின் பெயர் சுண்ணாம்புக் கட்டியில் எழுதியிருந்தது. அடுத்தவன் பெயர் எழுதிய பீப்பாயைக் கேட்பது அடுத்தவன் பெண்டாட்டியைக் கேட்பதுபோல, அதனால் உன் அப்பா தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் சின்னச் சின்னக் கள்ளுக்கடைகள், மகளே, எத்தனை வருஷமாக நம் கடையைவிட்டு நகராமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு கடையில் கள்ளில் வேகவைத்த சோரிசோத் தொத்திறைச்சி தந்தார்கள், நான் செய்வதைவிடக் கொஞ்சம் மட்டம், இருந்தாலும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். இன்னொன்றில் ஒரே கிளாஸ் எங்கள் எல்லார் கையிலும் சுற்றி வந்தபோது உன் யென்ஸ் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், கிறிஸ்துமஸுக்கு வந்தவன் ஊற்றிக் கொடுத்த ஒரு வாய்க் கள்ளை அரைமணி நேரம் உறிஞ்சிக்கொண்டு நிற்க, பின்னால் ஊரே கிளாஸுக்குக் காத்துக் கிடந்ததே. நல்ல பையன்தான், ஒரே மடக்கில் குடிக்கப் பழக்கிக் கூட்டி வா.

அந்தக் கடைக்காரர் கொலாஸ்தான் மலைமேல் ஆலை வைத்திருக்கும் ஒலிவாவைப் பற்றிச் சொன்னார். “அந்தம்மா கள்ளு மாதிரி இந்தப் பக்கம் கெடையாது. ஆனா கடைக்காரன்னு தெரிஞ்சா செருப்புதான். எவனோ வாங்கிட்டுப் போயி ஐஸ் பெட்டியில வச்சு, உக்காந்துக்கிட்டே ஊத்திக் குடுத்தானாம்” என்றார். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. பேரக்குழந்தை ஞானஸ்நானத்துக்கு நாலு பெட்டி வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போவோம், கள் பிடித்திருந்தால் மெதுவாகப் பேச்சை எடுப்போம் என்றேன். (உனக்குக் குழந்தை இல்லை என்பது தெரியும், கோபப்படாதே, பேச்சுக்குச் சொன்னதுதான், உண்மையானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.)

ஒலிவாவுக்கு என் வயதுதான் இருக்கும், ரப்பர் பூட்ஸ், கோழிக்குத் தீனி போடுகிற கை. ஞானஸ்நானம் என்றதும் முகம் மலர்ந்து எங்களை மேலே கூடத்துக்கே கூட்டிப் போனாள். மெழுகு போட்டுத் துடைத்த தரை, வெள்ளைக் கம்பளம், நாற்காலியில் புது ஷூ போட்ட அவள் கொழுந்தன். ஜன்னலோரம் ஒரு வாளி வைத்து ஊற்றி அப்பாவிடம் கொடுத்தாள். உன் அப்பா குடித்தார், கண்ணை மூடினார், அப்படியே கிளாஸில் மிஞ்சியதை, அடுத்த ஆளுக்காக விளிம்பு கழுவி விசிறினார் பார், நம் கடைத் தரையில் மரத்தூள்மேல் வீசுவதுபோல. பாதி கம்பளத்தில், மீதி கொழுந்தன் ஷூவில். வாளி எங்கேயோ, இவர் எங்கேயோ. எனக்கு அந்த வாளிக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது. ஒலிவா கம்பளத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். “யோவ், கூடத்துல நின்னு தரையில வீசுறியே, நீ கள்ளுக்கடையிலயே பொறந்தவன்தானே? ஞானஸ்நானமாம் ஞானஸ்நானம்!” என்றாள். உன் அப்பாவுக்குப் பொய் சொல்ல எப்போது வந்தது, “ஆமா தாயி, கடைதான். இந்தக் கள்ளு வாயில பட்டதும் எங்க நிக்கிறேங்கிறதே மறந்துபோச்சு” என்றார்.

அவள் இடுப்பில் கை வைத்து, “உன் கடையில யாரு ஊத்துறது?” என்று கேட்டாள். செலியா, அந்த ஒரு கேள்விக்குத்தான் இவர் இத்தனை மாதமாக ஒளிந்துகொண்டிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, “நான்தான் ஊத்திட்டிருந்தேன். இனிமே முடியாது, தோளு போச்சு” என்றார். எனக்கே அவர் அதை வாயால் சொல்லி அன்றுதான் கேட்டது. நான் ஊற்றுகிறேன் என்றேன். “இவளா? இவ ஊத்துனா பாதி செருப்புக்கு, மீதி பூனைக்கு” என்றார். ஒலிவா பாட்டிலை என் கையில் திணித்து, “ஊத்துங்கக்கா, கம்பளந்தான் ஏற்கனவே போச்சே” என்றாள். கொழுந்தன் காலை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். முதல் தடவை என் மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது தடவை கையை நன்றாக உயர்த்தி, கிளாஸை இடுப்புக்குக் கீழே சாய்த்து ஊற்றினேன், விளிம்பில் பட்டு உடைந்து நுரைத்தது, அந்தச் சத்தம் கேட்டாலே சரியா தப்பா என்று தெரியுமே. உன் அப்பா ஒரே மடக்கில் குடித்தார். கிளாஸைத் திருப்பிக் கொடுத்து, “இன்னும் கொஞ்சம் ஒசத்திப் பிடி” என்றார். இத்தனை வருஷத்தில் என் சமையலுக்குக்கூட அவரிடமிருந்து இவ்வளவு பாராட்டு வந்ததில்லை.

ஒலிவா கீழே பீப்பாய் அறைக்குக் கூட்டிப் போனாள். கடைசியில் ஒரு பீப்பாயில் எதுவும் எழுதவில்லை, முளையைப் பிடுங்கிச் சுவைக்கக் கொடுத்தாள், உன் அப்பா கிளாஸை மறுபடியும் நீட்டினார். “ஐஸ் பெட்டி கூடாது” என்றாள். சத்தியம் செய்தோம். அவள் சுண்ணாம்புக் கட்டியை நீட்ட, உன் அப்பா இடது கையால் கோணல்மாணலாக எழுதினார். தன் பெயரில் தீனோ கடை என்று எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், எர்மினியா கடை என்று எழுதிவிட்டார். என்னய்யா இது என்றால், “கள்ளு புளிச்சா ஊர்க்காரன் உன்னத்தானே திட்டணும்” என்கிறார்.

தேய்பிறை அடுத்த வாரம். சளிக்கு வெங்காயம் போட்டுப் பால் காய்ச்சிக் குடி, ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. கன்னிமரியாள் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றுவாள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, போனில் அப்பாவிடம் கடையைப் பற்றி மூச்சு விடாதே. அவர் இன்னும் முடிவு செய்யவில்லையாம். விடியும் முன்னே எழுந்து பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிறார், கேட்டால் தூக்கம் வரவில்லை என்கிறார்.

ஊற்றி ஊற்றிக் கை வலிக்கும் உன் அம்மா,
எர்மினியா