சுளகில் எடுத்த கடல்

இன்று காலை பக்கத்து வீட்டில் சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தார்கள். கணினியில் ஒரு விஞ்ஞானப் பாடத்துக்கு ஒலி சேர்த்துக்கொண்டிருந்த நான், காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு ஜன்னலடியில் போய் நின்றேன். கண்ணை மூடினால் கல்லடிக் கடற்கரை. திறந்தால் ஒரு சுளகும் இரண்டு கோழிகளும். இத்தனை வருடமாகச் சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவள் நான். ஒரு பிடி அரிசி எப்படி அலையாகிறது என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை. உன்னிடம் கேட்போம் என்று கைபேசியை எடுத்துவிட்டேன். நீ போய் இரண்டு வருடமாகியும் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

நம்முடைய வேலைக்கு ஊரில் பெயர் கிடையாது. நீ நாடகம் பழக்குகிற டீச்சர், நான் ஒலிவாங்கியும் கமராவும் தூக்குகிறவள். இரண்டு பேருமாகப் பள்ளிக்கூடங்களுக்குப் பாடமும் கதையும் கலந்து இறுவட்டுகள், அதுதான் சீடிகள், செய்தோம். கலியாண வீட்டில் யாராவது கேட்டால் நான் மல்டிமீடியா என்று தொடங்குவேன். "ஓ, வீடியோக் கடையா?" என்பார்கள். நான் முகத்தைச் சுளிக்க, "ஓம், படம் காட்டுறதுதான் எங்கட தொழில்" என்று நீ பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவாய்.

சுனாமிக்குப் பிறகு தன்னாமுனைப் பக்கம் தகரக் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடத்துக்கு, வளையைத் தொலைத்த நண்டின் கதையைக் கொண்டுபோனோம். நண்டு கடைசியில் கடலைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக நல்ல ஒலிவாங்கி ஒன்றை இரவல் வாங்கி, அசல் அலையையே பதிந்து வந்திருந்தோம். அவ்வளவு துல்லியமான சத்தம் அதற்கு முன் நமக்கு வாய்த்ததில்லை. ஒலிபெருக்கியில் முதல் அலை எழுந்தது. கொட்டிலில் ஒரு பிள்ளை இல்லை. அழவில்லை, கத்தவில்லை, எழுந்து ஓடிவிட்டார்கள். றோட்டுக்கு அப்பால் வேலியோரத்தில்தான் அவர்களைப் பிடித்தோம்.

நீ சேலையை ஒதுக்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாய். யாரையும் தேற்றவில்லை. "சரி, ஆராருக்கு எந்தச் சத்தம் வேணாம்? ஒவ்வொராளாச் சொல்லுங்க பாப்பம்" என்றாய். என்ன கறி பிடிக்காது என்று கேட்கிற மாதிரி, அறிய வேண்டும் என்ற ஆசையோடு கேட்டாய். பிள்ளைகள் மெல்ல மெல்லச் சொன்னார்கள். தம்பியைக் கடலில் பறிகொடுத்த ரஞ்சியின் முறை வந்தது.

"கடல் வேணாம் டீச்சர். நண்டுக் கத வேணும்."

"கடல் இல்லாட்டி நண்டு எங்க புள்ள போறது?"

அவள் யோசித்தாள். எழுந்து சமையல் கொட்டிலுக்குப் போய், அரிசி கிடந்த சுளகோடு வந்தாள். இந்தப் பக்கம் சரித்தாள், அந்தப் பக்கம் சரித்தாள். அலை வந்தது, திரும்பிப் போனது. ஒரு பிள்ளையும் ஓடவில்லை.

"இது கடல். நான் நிப்பாட்டினா நிக்கும்" என்றாள்.

அதன்பிறகு எல்லோருக்கும் ஒரு முறை கடலை நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. மதியச் சோறு பிந்திவிட்டது, நண்டு கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரஞ்சியின் சுளகையே பதிந்து இறுவட்டில் சேர்த்தோம். அதைக் கேட்ட கல்வி அதிகாரி, அசல் கடல் மாதிரி இல்லையே என்றார். "அதுதான் சேர் வேணும்" என்றாய் நீ.

அந்தக் கேள்வி நம் வழக்கமாகிவிட்டது. எங்கே பதிவுக்குப் போனாலும் எந்தச் சத்தம் வேண்டாம் என்று கேட்ட பிறகுதான் கருவியைத் திறப்போம். யுத்தம் முடிந்ததென்று டவுனில் வெடி கொளுத்தி ஓய்ந்த பிறகு பனிச்சங்கேணிக்குப் போனோம். அங்கே ஒருவனுக்கு வெடி வேண்டாம். ஒருத்திக்கு, ஆள் பிடிக்க வருகிற மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிற சத்தம் வேண்டாம். இன்னொருவன் பள்ளிக்கூட மணி வேண்டாம் என்று எல்லோரையும் சிரிக்க வைத்தான். நம் கதைகளில் எவரும் மோட்டார் சைக்கிளில் வரமாட்டார்கள். ஏன் எல்லோரும் சைக்கிளிலேயே திரிகிறார்கள் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

திரும்பி வரும்போது வாழைச்சேனையில் தேநீர் குடிக்க இறங்கினோம். விடுப்பு அடங்காமல், அறிகிற ஆவலில் நான் கேட்டேன், "உனக்கு எந்தச் சத்தம் வேணாம்?"

நீ தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தாய். "ஒண்டும் கேக்காம இருக்கிறது" என்றாய். "கடல் வந்த அண்டைக்குத் தண்ணி வத்தினாப் பிறகு வீடு இருந்த இடத்தில நிண்டு அம்மாவக் கூப்பிட்டன். பிறகு, பதில் வருமெண்டு காதக் குடுத்துக்கொண்டு நிண்டன். ஒரு காகம்கூடக் கத்தல்ல. அதுதான்."

உன் வீட்டு வானொலி எந்நேரமும் மெல்லிய சத்தத்தில் பாடிக்கொண்டே இருக்கும். கறண்ட் பில்லைச் சொல்லி உன்னை எவ்வளவு கேலி செய்திருப்பேன். அன்றைக்குப் பிறகு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ இறந்த அன்று யாரோ அதை நிறுத்தியிருந்தார்கள். முறைப்படி சரிதான். என்னால் தாங்க முடியவில்லை. போய் மிக மெல்லிய சத்தத்தில் போட்டுவிட்டேன். செத்த வீட்டில் ரேடியோவா என்று ஒரு பெரியவர் முறைத்தார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

பாடங்களில் கேள்வி கேட்டதும் பிள்ளை யோசிக்கக் கொஞ்சம் வெற்றிடம் விடுவோம், உனக்குத் தெரியும். அந்த இடங்களை நான் இப்போது வெறுமையாக விடுவதில்லை. ரஞ்சியின் சுளகை அடியில் போட்டு, இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைத்துவிடுகிறேன். இன்றைய பாடத்திலும் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு அது கேட்காது. நீ எந்த இடத்தில் நின்று காது கொடுத்தாலும் உனக்கு ஏதோ ஒன்று கேட்கும்.